கல்லுக்குக் காரணம் தக்காளி இல்லீங்க

பரமத்தி வேலூர் வட்டாரத்து உழைப்பாளிகளுக்கும் அவர்களுக்கு வேலை கொடுக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் அக்காமார்களே, ஆலைக்கொட்டகையில் கொப்பரைக்கு முன்னால் நின்று வேகும் அண்ணன்மார்களே, லாரியிலும் போர் போடுகிற ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் ஊர் சுற்றும் தம்பிமார்களே,

நம்ம பக்கத்தில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்து, "கிட்னியில கல்லு இருக்குது" என்று எழுதி வாங்கி வந்தால், அன்று சாயந்திரமே அந்த வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். தக்காளி ஆகாது. கீரை ஆகாது. பால், தயிர், மோர் ஆகாது. கத்திரிக்காய் விதை ஆகாது. நலம் விசாரிக்க வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் பங்குக்கு ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுப் போவார். ஒரு வாரத்தில் மிஞ்சுவது வெறும் சோறும் புளிச்சாறும் ஊறுகாயும்தான். ஆனால் அந்த ஆள் வேலைக்குக் கிளம்பும்போது குடிக்க என்ன கொண்டுபோகிறார், மத்தியானத்துக்குள் எத்தனை சொம்பு குடிக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் மருத்துவன் இல்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு, இந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு, கல்லைப் பற்றிப் படிக்கக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஒருவன். படித்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. கல் வராமல் இருக்க எதையெல்லாம் விடுவது என்று யோசிப்பதைவிட எதையெல்லாம் சேர்ப்பது என்று யோசிப்பதே பலன் தரும். சேர்க்க வேண்டியவற்றில் முதலாவது தண்ணீர். அந்தத் தண்ணீரை உழைக்கிறவர்கள் குடிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் பல நேரம் அவர்கள் கையில் இல்லை. அதனால்தான் இந்த மடலின் பின்பகுதியை முதலாளிமார்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

கல் எப்படி உண்டாகிறது என்று ஆலைக்கொட்டகைக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கொப்பரையில் ஊற்றும்போது கரும்புப்பால் தண்ணீராகத்தான் ஓடுகிறது. சக்கையைத் தள்ளித் தள்ளி எரிக்க எரிக்க நீர் வற்றுகிறது. கரைந்து கிடந்தது கெட்டிப்பட்டு வெல்லமாகிறது. சிறுநீரிலும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் என்று பல உப்புகள் கரைந்திருக்கின்றன. நீர் போதுமான அளவு இருக்கும்வரை அவை கரைந்தபடியே வெளியேறிவிடும். நீர் குறைந்தால் மணல்போலத் துகளாகி, துகளோடு துகள் ஒட்டி, கல்லாகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை. பத்தில் ஒன்று போல யூரிக் அமிலக் கல். நீர்த்தாரைத் தொற்றினால் வருகிற கல்லும் உண்டு.

வேர்வையாக உடம்பை விட்டுப் போகிற நீர், சிறுநீருக்கு மிச்சமாவதில்லை. கோடையில் டிவியில் வெப்பநிலைப் பட்டியல் போடும்போது மேல் வரிசையில் 'கரூர் பரமத்தி' என்று வரும். அது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற க. பரமத்தி; நம்ம பரமத்தி இல்லை. ஆனால் வெயில் காவிரிப் பாலத்தில் நின்று யோசித்துவிட்டு வருவதில்லை. 40 டிகிரியைத் தாண்டுகிற அந்த வெயில்தான் இக்கரையிலும் காய்கிறது. அதற்கு மேல் கொப்பரை அடுப்பின் அனலும், லாரி கேபினுக்குள் ஏறிவரும் இன்ஜின் சூடும், செங்கல் சூளையின் வெக்கையும் சேர்ந்தால் உடம்பு என்ன ஆகும்?

இதைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடன் பணியாற்றுகிறவர்களும், தென்னிந்திய உருக்காலை ஒன்றில் அனலில் வேலை செய்தவர்களைப் பரிசோதித்தார்கள். கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதை 2020இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். அதே குழுவினர் நம் மாநிலத்து உப்பளத் தொழிலாளர்களையும் பார்த்து, வெப்பம் சிறுநீரகத்தை எப்படி வாட்டுகிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள். உருக்காலை உலைக்கும் நம் கொப்பரை அடுப்புக்கும் அளவில்தான் வித்தியாசம். வேர்வை ஒன்றுதான்.

அப்படியானால் எவ்வளவு குடிப்பது? "நிறைய குடிங்க" என்பது கணக்கு ஆகாது. மருத்துவர்கள் அளப்பது உள்ளே போகிற தண்ணீரை அல்ல, வெளியே வருகிற சிறுநீரை. கல் வந்தவர்களுக்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீராவது வெளியேற வேண்டும். நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அதற்கு 3 லிட்டர் போதும். வெயிலில் நிற்கிறவருக்கு 4 லிட்டர், சித்திரை வைகாசியில் அதற்கும் மேலே வேண்டியிருக்கும். இதை அளந்துகொண்டிருக்க நேரமில்லாதவர்களுக்குச் சுலபமான வழி, மத்தியானம் ஒன்றுக்குப் போகும்போது நிறத்தைப் பார்ப்பது. வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடலை எண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டால் உடம்பில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்த அடையாளம் ஏமாற்றும்.

தண்ணீருக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இத்தாலியின் பார்மா நகரத்தில் லோரிஸ் போர்கி என்ற மருத்துவரும் அவர் குழுவும் முதல் தடவை கல் வந்த 199 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரைத் தண்ணீர் கூட்டிக் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 5 வருடம் கழித்துப் பார்த்தபோது, தண்ணீர் குடித்த 99 பேரில் 12 பேருக்குத்தான் மறுபடி கல் வந்திருந்தது. மற்ற 100 பேரில் 27 பேருக்கு வந்திருந்தது. 1996இல் வெளியான ஆய்வு இது. பைசா செலவில்லாத வைத்தியம் பாதிக்குப் பாதி தடுத்திருக்கிறது.

ஒரேயடியாக இரண்டு சொம்பு குடித்துவிட்டு சாயந்திரம் வரை சும்மா இருப்பதில் பலன் குறைவு. மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடிக்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு டம்ளர் வேண்டும். தூங்குகிற நேரத்தில்தான் சிறுநீர் அதிகம் கெட்டிப்படுகிறது. நடுராத்திரி ஒரு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தால் அது நல்லதுக்குத்தான். இதய நோய் உள்ளவர்களும், சிறுநீரகம் பழுதாகி வைத்தியத்தில் இருப்பவர்களும் மட்டும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது.

"போர் தண்ணி உப்புங்க, அதனாலதான் கல்லு வருது" என்ற பேச்சு நம் பக்கத்தில் ரொம்ப உண்டு. ஆற்றோரத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகத் தண்ணீர் சப்பென்றும் உப்புக் கரித்தும் இருப்பது உண்மைதான். ஆனால் கடின நீர் குடிப்பதால்தான் கல் வருகிறது என்று இதுவரை நடந்த ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதுதான் பெரிய கெடுதல். வீட்டுக்குக் காவிரித் தண்ணீர் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். கிடைக்காத இடத்தில் கிடைக்கிற சுத்தமான தண்ணீரைக் குடியுங்கள்.

இனி தட்டுக்கு வருவோம். முதலில் பால், மோர். கல்லில் கால்சியம் இருப்பதால் பாலை நிறுத்துவது என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது தலைகீழ். நாம் சாப்பிடும் கீரை, கிழங்கு, கடலையில் இருக்கிற ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவது பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம்தான். அந்தக் கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் கேரி கர்ஹான் குழுவினர் 45,619 ஆண்களின் சாப்பாட்டைக் கணக்கெடுத்து 1993இல் வெளியிட்ட முடிவு, உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குக் கல் குறைவு என்பது. மேலே சொன்ன பார்மா குழுவினரே 2002இல் இன்னொன்றையும் காட்டினார்கள். அடிக்கடி கல் வரும் 120 ஆண்களில் 60 பேருக்குக் கால்சியத்தைக் குறைத்தார்கள். 60 பேருக்குக் கால்சியத்தை வழக்கம்போல் விட்டு, உப்பையும் மாமிசத்தையும் குறைத்தார்கள். 5 வருடத்தில் பாலைக் குறைத்தவர்களில் 23 பேருக்குக் கல் திரும்பியது. உப்பையும் கறியையும் குறைத்தவர்களில் 12 பேருக்குத்தான் வந்தது.

பாலுக்கும் கல்லுக்கும் உள்ள இந்தப் பகையை நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே கவனித்த ஒருவர் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் எலிகளை வைத்து இந்தியச் சாப்பாட்டை ஆராய்ந்த ராபர்ட் மெக்காரிசன். அந்தக் காலத்தில் வட இந்தியாவில் ஏழைக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையில் கல் வருவது பெரிய தொல்லையாக இருந்தது. தானிய மாவே பெரும்பங்காக இருந்த சத்துக் குறைந்த தீவனத்தில் எலிகளுக்குக் கல் உண்டாவதையும், பாலுக்கு அதைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதையும் கண்டு, இந்தியாவில் கல் வருவதற்கான காரணம் பற்றி 1931இல் அவர் ஆற்றிய உரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அவருடைய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அந்தக் குழந்தைகளின் கல் வேறு, இன்று பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகக் கல் வேறு. இருந்தாலும் பாலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன் நாம் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஆகவே மோரை விடாதீர்கள். தண்ணீராகவும் ஆச்சு, கால்சியமாகவும் ஆச்சு. கம்மங்கூழிலோ ராகிக் கூழிலோ மோரைக் கரைத்துத் தூக்குப்போசியில் கொண்டுபோகிற பழக்கம் இன்னும் மிச்சம் இருக்கிற வீடுகள் அதைக் கைவிட வேண்டாம். உப்பை மட்டும் கை தாராளமாகப் போடாதீர்கள். கால்சியம் மாத்திரை வேறு கதை. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

அடுத்தது தக்காளி. பாவம், தமிழ்நாடு முழுக்கப் பழி சுமக்கிற காய் அது. அதில் உள்ள ஆக்சலேட் பாலக் கீரையில் உள்ளதைவிடப் பல பத்து மடங்கு குறைவு. விதை போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்து கல்லாகும் என்பது வெறும் கற்பனை. விதை குடலைத் தாண்டி அந்தப் பக்கம் போவதே இல்லை. ரசத்துக்கும் குழம்புக்கும் போடுகிற தக்காளியால் யாருக்கும் கல் வராது. உண்மையில் ஆக்சலேட் மிகுந்தவை பாலக், பசலை, முளைக்கீரை, சிறுகீரை, பீட்ரூட், சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, பாதாம், முந்திரி. இவற்றையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுக் கடையுங்கள், அதே சாப்பாட்டில் தயிரும் இருக்கட்டும். தினமும் பாலக் ஜூஸ் குடிக்கச் சொல்லி யாராவது போனில் அனுப்பினால் அதை அழித்துவிடுங்கள்.

சரி, எதைத்தான் குறைப்பது? முதலில் உப்பு. சோடியம் கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. அது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ராத்திரி ஹோட்டலில் புரோட்டாவின் மேல் ஊற்றுகிற சால்னா, எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது. "வேர்வையில உப்பு போகுதில்லீங்க, சேர்க்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அடுப்படியில் ஒரு நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கொஞ்சம் கூடத் தேவைதான். அதை நம் வீட்டுச் சாப்பாடும் மோரும் கொடுத்துவிடும். ஊறுகாயை உள்ளங்கையில் வைத்து நக்கித்தான் ஈடுகட்ட வேண்டும் என்பதில்லை.

அடுத்தது கறி. பள்ளிபாளையம் சிக்கன் நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டம். வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்ட அந்த வறுவலைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கும் மனசு வராது. ஆனால் மத்தியானம் பிரியாணி, ராத்திரி சில்லி சிக்கன், மறுநாள் குடல் என்று வாரம் முழுக்க ஓடினால் யூரிக் அமிலம் ஏறும், கல்லைத் தடுக்கிற சிட்ரேட் இறங்கும். உள்ளங்கை அளவு கறி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்றால் போதும். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டையை விடச் சொன்னால் நீங்களே விட மாட்டீர்கள். தினம் ஒன்று சாப்பிடுவதில் குற்றமில்லை.

மூன்றாவது இனிப்புத் தண்ணீர். கோலா, கலர், பாட்டில் ஜூஸ். சர்க்கரை கலந்த பானங்களைத் தினமும் குடிக்கிறவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரும்புப்பாலும் வெறும் சர்க்கரைதான். கரும்பு விளைகிற ஊரில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆசைக்கு ஒரு டம்ளர் குடிக்கலாம், தாகத்துக்கு அதையே குடிக்க வேண்டாம். பீர் குடித்தால் கல் கரையும் என்ற பேச்சு நம் இளவட்டங்களிடம் கொடிகட்டிப் பறக்கிறது. பீருக்கு எந்தக் கல்லும் கரைவதில்லை. அது ஒரு மணி நேரம் ஒன்றுக்கு ஓட வைக்கும். அப்புறம் உடம்பை வறட்டிவிட்டு, யூரிக் அமிலத்தையும் ஏற்றிவிட்டுப் போகும்.

சேர்க்க வேண்டியதில் தண்ணீருக்கும் மோருக்கும் அடுத்தது எலுமிச்சை. அதில் உள்ள சிட்ரேட், கால்சியம் ஆக்சலேட்டோடு சேராமல் தடுத்துப் பிடித்துக்கொள்கிறது. நாளைக்கு இரண்டு எலுமிச்சம்பழத்தை ஒரு பெரிய பாட்டில் தண்ணீரில் பிழிந்துகொண்டு குடியுங்கள். சர்க்கரையும் உப்பும் இல்லாமல் குடிக்கப் பழகினால் மிக நல்லது. இளநீரும் நல்லதுதான், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மட்டும் அதில் உள்ள பொட்டாசியம் ஆகாது. நெல்லிக்காயைக் கடித்துச் சாப்பிடுங்கள். வைட்டமின் சி மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். பெரிய அளவில் விழுங்கினால் உடம்பு அதை ஆக்சலேட்டாக மாற்றிவிடும்.

இப்போது நம்ம ஊர் வைத்தியங்கள். பரமத்தி வேலூர் வாழைத்தார் ஏலத்துக்குப் பூவனும் ரஸ்தாலியும் கற்பூரவல்லியும் மொந்தனுமாக வந்து குவிகிறது. தாரை வெட்டிய பிறகு மரத்தை வரப்போரம் தள்ளிவிடுகிறோம். அந்தத் தண்டை உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நீர் சொட்டச் சொட்ட இருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு எலிகளின் சிறுநீரில் ஆக்சலேட்டைக் குறைக்கிறதா என்று 1990களில் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் அது கல்லைக் கரைக்கும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. ஆகவே வாழைத்தண்டைப் பொரியலாகவும் கூட்டாகவும் மோர்ப்பச்சடியாகவும் தாராளமாகச் சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் பொட்டாசியமும் கிடைக்கும். அதை நம்பி மருத்துவமனைக்குப் போகிற நாளைத் தள்ளிப்போடாதீர்கள். கொள்ளுக்கும் இதே பதில்தான். கொள்ளு ரசமும் கொள்ளுப் பருப்பும் நம்ம சாப்பாடு, நல்ல சாப்பாடு. மருந்து என்று சொல்லிவிட முடியாது.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கூரையில் செருகுகிறோமே பூளைப்பூ, அந்தச் சிறுபீளையைச் சித்த மருத்துவர்கள் கல்லடைப்புக்குக் கொடுக்கிறார்கள். நெருஞ்சிலும் நீர்முள்ளியும் அப்படியே. அதை வேண்டுகிறவர்கள் அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவப் பிரிவில் போய்க் கேட்டு, அளவு தெரிந்து சாப்பிடுங்கள். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்று இருக்காதீர்கள். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்த 10 பேருக்கு, அதிலிருந்த ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்து திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதுவும் தோட்டத்தில் காய்த்த காய்தான்.

வெற்றிலை நம் ஊர்ச் சோறு. 104 கவுளி கொண்ட சுமை என்று கணக்குப் போட்டு வெள்ளைக்கொடியையும் கற்பூரியையும் ஏலத்துக்குக் கொண்டுபோகிற கைகளுக்கு வெற்றிலையைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நாள் முழுக்கச் சுண்ணாம்பு தடவிப் போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் கால்சியம் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பாக்கு புற்றுநோயைக் கொண்டுவரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே அறிவித்திருக்கிறது. ஒரு தடவை கல் வந்தவர்கள் விருந்துக்குப் பின் ஒரு வெற்றிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் ஒரு நாள் கணக்காகச் சொன்னால் இப்படி வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர். காலையில் கூழோ இட்லியோ, கூட ஒரு டம்ளர் மோர். வேலைக்குப் போகும்போது 2 லிட்டர் கேன், அதில் ஒரு எலுமிச்சை. மத்தியானம் சோறு, கொள்ளு ரசம், வாழைத்தண்டுப் பொரியல் அல்லது வடித்துக் கடைந்த கீரை, தயிர். சாயந்திரம் ஒரு வாழைப்பழம், சர்க்கரை குறைத்த டீ. டீயில் பால் சேர்ப்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி எட்டு மணிக்குள் எளிய சாப்பாடு, படுக்கும் முன் ஒரு டம்ளர். இதில் கடையில் தேடி வாங்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை.

லாரித் தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வண்டியை ஓரங்கட்ட இடமில்லை, லோடு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தண்ணீரைக் குறைப்பதும் ஒன்றுக்கு அடக்குவதும் உங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்டது. கேபினில் 5 லிட்டர் கேன் வைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட் ஒவ்வொன்றையும் குடிக்கிற நேரமாகவும், டீசல் போடுகிற ஒவ்வொரு பங்க்கையும் இறங்குகிற நேரமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலிக்கு வழியில் கிடைக்கிற மாத்திரையை நாள் கணக்கில் போட்டுக்கொண்டே ஓட்டாதீர்கள். வலி மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இனி கொடிக்கால் சொந்தக்காரர்களே, ஆலைக்கொட்டகை முதலாளிகளே, சூளைக்காரர்களே, லாரி ஓனர்களே, இது உங்களுக்கு.

"தண்ணி குடிங்க அக்கா" என்று கொடிக்காலில் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள். "குடிச்சா போறதுக்கு எடம் வேணுமில்லீங்க" என்பார். விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒரு வாய் குறைத்துக் குடித்துவிட்டு வருகிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெண்களையே கேளுங்கள். தண்ணீர் குடிக்காததால் ஒரு பக்கம் கல் வளர்கிறது. அடக்கி அடக்கி வைப்பதால் இன்னொரு பக்கம் நீர்க்கடுப்பும் தொற்றும் வருகிறது, அந்தத் தொற்றும் ஒரு வகைக் கல்லுக்கு வழி. சாப்பாட்டைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் இந்த ஓர் இடத்தில் வந்து முட்டி நின்றுவிடுகிறது.

தொழிற்சாலைகளுக்கான சட்டம் குடிநீரும் கழிப்பிடமும் கட்டாயம் என்கிறது. கொடிக்காலுக்கு அந்தச் சட்டம் வராது. சின்ன ஆலைக்கொட்டகை பலவற்றுக்கும் வராது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அரசு பேரிடர் என்று சொல்கிற வெயிலில் நிற்க வைத்து வேலை வாங்குகிறவர்கள் சட்டம் வந்து கதவைத் தட்டட்டும் என்று காத்திருக்க வேண்டுமா?

நான் கேட்பது நான்கு. வேலை நடக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நிழலில், மூடி போட்ட மண்பானையில் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை கட்டுங்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்று கட்டினாலும் போதும். கொப்பரைக்கு முன் நிற்கிற ஆளை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் வெளியே வரவிட்டு, அதற்குக் கூலி பிடிக்காமல் இருங்கள். ஏலம் நடக்கிற இடங்களில், அது வாழைத்தார் சந்தையோ வெற்றிலை மார்க்கெட்டோ பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தையோ, விடிகாலையில் வருகிற பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இருக்கும்படி சங்கத்தில் பேசி முடிவெடுங்கள். செலவுக் கணக்குப் பார்க்கிறவர்கள், சீசன் நேரத்தில் நல்ல கைக்காரர் ஒருவர் கல் வலியில் பத்து நாள் படுத்துவிட்டால் ஆகிற நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எல்லோருக்கும். விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்குகிற வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவர்களுக்கோ கர்ப்பிணிக்கோ இந்த வலி வந்தாலோ வாழைத்தண்டு அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே பரமத்தி வேலூர் அரசு மருத்துவமனைக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகக் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்பதும் தவறு, வலிதான் கூடும். 5 எம்எம்முக்குக் குறைந்த கற்கள் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அப்படி விழுகிற கல்லை டீ வடிகட்டியில் பிடித்து, ஒரு டப்பாவில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். என்ன கல் என்று பரிசோதித்தால்தான் உங்களுக்கு எந்தச் சாப்பாடு ஆகும், எது ஆகாது என்று சரியாகச் சொல்ல முடியும். ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து வருடத்துக்குள் மறுபடியும் வருகிறது. வலி நின்றதும் கேனை ஓரமாக வைத்துவிடாதீர்கள்.

சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். தக்காளி ரசம் வையுங்கள், தயிர் போட்டுச் சாப்பிடுங்கள், கையோடு தண்ணீர் கொண்டுபோங்கள். முதலாளிமார்களே, மாசியும் பங்குனியும் கையில் இருக்கின்றன. சித்திரை பிறப்பதற்குள் உங்கள் தோட்டத்தில் பானையும் கழிப்பறையும் வந்துவிட வேண்டும். வந்த இடங்களையெல்லாம் நானே நேரில் வந்து பார்த்து, இன்னார் தோட்டத்தில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்,
பரமத்தி வேலூர்